புதிய கருவிக்குக் காப்புரிமை: பட்டறைக்காரர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

காப்புரிமை (பேட்டன்ட்) என்பது உங்கள் கண்டுபிடிப்பை மற்றவர் நகல் எடுப்பதைத் தடுக்கக் கேட்கும் உரிமை. இந்தியாவில் அது வழங்கப்படுவது 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி. இங்கே சொல்லியிருக்கும் கட்டணங்களும் காலக்கெடுக்களும் 2024 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகளை ஒட்டியவை.

கருவியைச் செய்து முடித்துவிட்டேன். முதல் வேலை என்ன?

யாருக்கும் காட்டாமல் இருப்பது. பட்டறையில் ஒரு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இரண்டாவது, யூடியூப். மூன்றாவது, தெரிந்த ஒருவருக்கு ஒன்றைச் செய்து விற்றுப் பார்ப்பது. மூன்றுமே விண்ணப்பத்தைக் கெடுக்கும். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்காவது, எந்த மொழியிலாவது அந்தக் கண்டுபிடிப்பு வெளியாகியிருந்தால் அது புதியது அல்ல. வெளியிட்டவர் நீங்களே என்பது காரணமாக எடுபடாது.

தச்சரிடமோ வெல்டரிடமோ காட்டாமல் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். இரகசியம் காப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டலாம். அது வெளியீடு ஆகாது. ஒரு பக்கக் கடிதம் போதும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

கண்காட்சியில் வைத்துவிட்டேனே?

எந்தக் கண்காட்சி என்பதைப் பொறுத்தது. மத்திய அரசு இதற்கென அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துச் சலுகை கோரலாம். அறிஞர் சங்கம் ஒன்றின் முன் வாசித்த கட்டுரைக்கும் அதே சலுகை உண்டு. இதற்கு இப்போது 31-ஆம் எண் படிவம் தனியாக இருக்கிறது. வயலில் ஓட்டிப் பார்க்காமல் சோதிக்கவே முடியாத கருவி என்றால், நியாயமான சோதனைக்காகப் பொது இடத்தில் ஓட்டியதற்கு ஓராண்டு விலக்கு உண்டு. ஊரில் நடக்கும் வணிகக் கண்காட்சிகள், கல்லூரி விழாக்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

யூடியூபில் போட்டவருக்கு ஒரே வழிதான் மிச்சம். வீடியோவில் இல்லாத மேம்பாடு ஏதாவது அதற்குப் பின் செய்திருந்தால், அதற்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். இங்கே அப்படிப் பொதுவான அவகாசம் இல்லை.

எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

மூன்று சோதனைகள். புதியதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றியிருக்கக் கூடாது. தொழில்முறையில் செய்யவோ பயன்படுத்தவோ கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதில் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. முதலாவதில் பலர் விழுகிறார்கள். பட்டறைக்காரர்கள் விழுவது இரண்டாவதில்.

இதற்கு நம் நாட்டில் மூல வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றுக்கு 1951-இல் காப்புரிமை எடுத்தது. போட்டியாளர்மீது வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் முடிந்தது. ஏற்கெனவே இருந்த அமைப்பில் செய்த பட்டறை அளவிலான திருத்தம் மட்டுமே இது, கண்டுபிடிப்பு அல்ல என்று சொல்லிக் காப்புரிமையை நீக்கிவிட்டார்கள். கைதேர்ந்த மிஸ்திரி ஒருவர் யோசித்தால் செய்துவிடக்கூடியதைத் தாண்டி உங்களுடையதில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுத முடியவில்லை என்றால் பணத்தைக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

எதற்குக் கிடைக்காது?

சட்டத்தின் 3-ஆம் பிரிவில் நீளமான பட்டியல் இருக்கிறது. எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் அதில் முதலில் அடிபடும். இயற்கை விதிக்கு முரணானது. இருந்தும் அத்தகைய இயந்திரங்களோடு வருகிறவர்கள் குறைவதாக இல்லை.

விவசாய முறைக்குக் கிடைக்காது, விவசாயக் கருவிக்குக் கிடைக்கும். நாற்றை எந்த இடைவெளியில் நடுவது என்பது முறை. நடுகிற இயந்திரம் கருவி. மருத்துவச் சிகிச்சை முறை, செடி, விலங்கு, வணிக முறை, கணித முறை, தனித்து நிற்கும் கணினி நிரல் ஆகியவற்றுக்கு இல்லை. நிரல் ஒரு கருவியின் தொழில்நுட்பச் செயல்பாட்டை மாற்றினால் வாதாட இடம் இருக்கிறது. 'என் செயலிக்குக் காப்புரிமை' என்று பொதுவாகக் கேட்டால் இல்லை. புதிய பயிர் இரகத்துக்கு 2001-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது.

பாட்டி சொன்ன மூலிகைத் தைலம்?

பாரம்பரிய அறிவுக்குக் கிடைக்காது. தெரிந்த பொருள்களை வெறுமனே கலப்பதற்கும் கிடைக்காது. கலந்தபின் தனித்தனியாகத் தராத பலனை அவை சேர்ந்து தருகின்றன என்று சோதனைத் தரவோடு காட்ட வேண்டும்.

இந்தத் தடை நம்மைக் காப்பதும் கூட. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சிஎஸ்ஐஆர்) பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997-இல் அது இரத்தானது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளவற்றை, விண்ணப்பங்களைச் சோதிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் வகையில் தொகுத்த பாரம்பரிய அறிவு மின்னூலகம் அதன் பின் வந்ததுதான். உங்கள் தைலம் அந்த நூல்களில் இருந்தால் ஆய்வாளர் கண்ணில் படும்.

மருந்துக் கம்பெனிகளுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதலான சிகிச்சைப் பலனைக் காட்ட வேண்டும். இதன்கீழ் நோவார்ட்டிஸின் 'கிளிவெக்' புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

மாதிரி செய்யவில்லை, யோசனை மட்டும் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

மாதிரி கட்டாயம் இல்லை. ஆனால் அந்தத் துறை தெரிந்தவர் உங்கள் எழுத்தையும் படங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்துவிட முடிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையையும் சொல்லியாக வேண்டும். 'தேங்காயைத் தானாக உரிக்கும் இயந்திரம் இருந்தால் நன்றாக இருக்கும்' என்பது ஆசை. எந்தப் பிடி, எந்தக் கத்தி, எந்த அசைவு என்று சொல்லும்போதுதான் கண்டுபிடிப்பு தொடங்குகிறது.

ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

இலவசமாகவே பார்க்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்றும் போதும். கருவியின் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. காப்புரிமை எழுதுகிறவர்கள் பெயரை வேண்டுமென்றே பொதுவாக வைப்பார்கள். நெருங்கிய ஒரு ஆவணம் கிடைத்ததும் அதில் உள்ள வகைப்பாட்டுக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் குறியீட்டுக்குள் தேடுங்கள். சீன, ஜப்பானிய ஆவணங்களின் படங்களை விடாமல் பாருங்கள். படம் புரிய மொழி வேண்டாம்.

காலாவதியான காப்புரிமையும் முந்தைய அறிவுதான். அதற்கு உங்களால் காப்புரிமை வாங்க முடியாது. அதைத் தாராளமாகச் செய்து விற்கலாம். இதில் எரிச்சலடைய ஒன்றும் இல்லை, இலவசமாக வரைபடம் கிடைத்திருக்கிறது.

தற்காலிக விவரக்குறிப்பு என்கிறார்களே?

விவரக்குறிப்பு என்பது கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் ஆவணம். தற்காலிகமானது, கண்டுபிடிப்பு முழுமையடையும் முன்பே ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. அதைத் தாக்கல் செய்த 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஒரே நாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு 'தேதி கிடைத்துவிட்டது' என்று ஊருக்குக் காட்டத் தொடங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு பக்கத்தில் உள்ளதற்குத்தான் அந்தத் தேதி. எழுதாமல் விட்ட பகுதிக்கு முழு விவரக்குறிப்பின் தேதிதான் கணக்கு, இடையில் நீங்களே அதைக் காட்டியிருந்தால் அதுவே உங்களுக்கு எதிர்ச் சான்று.

விண்ணப்பத்தில் முக்கியமான பகுதி எது?

உரிமைக்கோரல்கள், அலுவலகப் பேச்சில் 'கிளெய்ம்'. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போன்ற வேலை. விவரக்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், எல்லைக்குள் வராதது உங்களுடையது அல்ல.

தேங்காய் உரிக்கும் கருவியையே எடுத்துக்கொள்வோம். 'காலால் அழுத்தும் மிதியும், எட்டு மில்லிமீட்டர் கம்பியில் செய்த சுருள்வில்லும், அதனால் விலகும் இரண்டு கத்திகளும் கொண்ட கருவி' என்று முதல் கோரலை எழுதிவிட்டீர்கள். போட்டியாளர் சுருள்வில்லுக்குப் பதில் ஹைட்ராலிக் உருளையை வைத்தால் அவர் உங்கள் எல்லைக்கு வெளியே நிற்கிறார் என்று வாதாடுவார். 'கத்திகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கும் அமைப்பு' என்று பொதுவாக எழுதினால் அவரும் உள்ளே வருவார். ஆனால் பழைய கருவி ஏதாவதும் உள்ளே வந்துவிடும், ஆய்வாளர் நிராகரிப்பார். ஆகவே பொதுவான கோரல் ஒன்றை முதலில் வைத்து, அதைச் சார்ந்து படிப்படியாகக் குறுகும் கோரல்களை அடுத்தடுத்து வைப்பது வழக்கம். முதலாவது விழுந்தாலும் மூன்றாவது நிற்கும்.

பஜாஜ் ஆட்டோவும் டிவிஎஸ் மோட்டாரும் மோதிக்கொண்டது இந்த எல்லைக்காகத்தான். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் காப்புரிமை வைத்திருந்தது. 2007 இறுதியில் டிவிஎஸ் 'ஃபிளேம்' பைக்கைக் கொண்டுவந்தது. தங்கள் எஞ்சினில் மூன்று வால்வுகள், பஜாஜுடையதில் இரண்டு, எனவே இது வேறு என்று வாதிட்டது டிவிஎஸ். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009-இல் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் விற்பனையைத் தொடரவிட்டு, வழக்கை விரைந்து முடிக்கச் சொன்னது. இரு நிறுவனங்களும் சமாதானமானது 2019-இல்.

கட்டணம் எவ்வளவு?

தனிநபர், சிறுதொழில், அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. தாளாகக் கொடுத்தால் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160, பத்துக் கோரல்களுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320. விண்ணப்பத்தை ஆராயச் சொல்லிக் கேட்கும் ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 (மற்றவர்களுக்கு 20,000). ஆக, அரசுக்குக் கட்ட வேண்டிய அடிப்படைத் தொகை தனிநபருக்கு 5,600 ரூபாய். சிறுதொழில் சலுகைக்கு உத்யம் பதிவுச் சான்றோடு 28-ஆம் படிவம் கொடுக்க வேண்டும்.

பெரிய செலவு பின்னால் வருகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்: ஆறாம் ஆண்டு வரை 800, பத்தாம் ஆண்டு வரை 2,400, பதினைந்தாம் ஆண்டு வரை 4,800, அதன்பின் 8,000. இருபது ஆண்டும் வைத்திருந்தால் புதுப்பிப்புக்கு மட்டும் 76,800 ரூபாய். நான்கு ஆண்டுக்காவது சேர்த்து முன்கூட்டியே ஆன்லைனில் கட்டினால் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. கருவி விற்கவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டில் நிறுத்திவிடுவது அவமானம் இல்லை.

எங்கே, எந்த மொழியில் கொடுப்பது?

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவுகளுக்குச் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம். வீட்டிலிருந்தே மின்கையொப்பத்தோடு ஆன்லைனில் கொடுக்கலாம். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும், தமிழில் ஏற்பதில்லை. விண்ணப்பங்களின் எண்ணிக்கையில் அண்மை ஆண்டுகளாக முன்னணியில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. அந்த மாநிலத்து மிஸ்திரி தன் கருவியைத் தன் மொழியில் விவரிக்க முடியாது என்பது எனக்கு உறுத்துகிறது. இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று: முதலில் தமிழில் முழுமையாக எழுதி, படம் போட்டு, பாகங்களுக்கு எண் கொடுங்கள். அதன் பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதவைக்கும்போதுதான் முக்கியமானவை விடுபடுகின்றன.

கொடுத்தபின் என்ன நடக்கும்?

பதினெட்டு மாதம் வரை இரகசியமாக இருக்கும். பின் வெள்ளிதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியாகும். 2,500 ரூபாய் கட்டி முன்னதாகவும் வெளியிடச் செய்யலாம். மனம் மாறினால், பதினைந்து மாதத்துக்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் வெளியாகாது.

கவனிக்க வேண்டியது ஆய்வுக் கோரிக்கை. அது தானாக நடப்பதில்லை. 31 மாதத்துக்குள் 18-ஆம் படிவத்தில் நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஸ்டார்ட்அப், சிறுதொழில், விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண் என்ற நிலைகளில் விரைவு ஆய்வு கேட்கலாம். இந்தப் பிரிவினருக்குக் கட்டணம் 8,000.

பிறகு முதல் ஆய்வறிக்கை வரும். ஏறக்குறைய எல்லோருக்கும் அது மறுப்புப் பட்டியலாகத்தான் வரும். பழைய ஆவணங்கள் இரண்டு மூன்றைக் காட்டி 'இதில் புதுமை இல்லை' என்று எழுதியிருப்பார்கள். பயந்து விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும், மேலும் மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். காட்டிய ஆவணத்துக்கும் உங்களுடையதற்கும் உள்ள வேறுபாட்டையும், அந்த வேறுபாட்டால் கிடைக்கும் பலனையும் எழுதுங்கள். தேவையானால் கோரலைச் சுருக்குங்கள். கல்லூரிகள் எண்ணிக்கைக்காகத் தாக்கல் செய்யும் விண்ணப்பங்கள் செத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான், பதில் எழுத யாரும் இருப்பதில்லை.

வெளியானபின் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கிய பின்னும் ஓராண்டு வரை, அந்தத் துறையில் அக்கறை உள்ளவர் எதிர்க்கலாம். நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. முன்பு இதை விசாரித்த மேல்முறையீட்டு வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறது.

நானும் நண்பரும் சேர்ந்து செய்தோம். யார் பெயரில் போடுவது?

கண்டுபிடிப்பில் மூளையைச் செலவழித்தவர்கள் கண்டுபிடிப்பாளர்கள். பணம் போட்டவர், இடம் கொடுத்தவர், துறைத் தலைவர் ஆகியோர் அந்தக் காரணத்தாலேயே கண்டுபிடிப்பாளர் ஆவதில்லை. பங்குதாரராக நண்பரைச் சேர்த்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் இருவருக்கும் சமபங்கு. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் உரிமம் கொடுக்கவோ பங்கை விற்கவோ முடியாது. நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் இடத்தில் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் நேரடியாகச் சொல்வதில்லை; உங்கள் பணி ஒப்பந்தம் சொல்லும். எடுத்துப் படியுங்கள்.

பெயர் சேர்க்கிறோம், ஆளுக்கு இவ்வளவு என்று கல்லூரி ஆசிரியர்களுக்குச் செய்தி வருகிறதே?

அழித்துவிடுங்கள். அவற்றில் பல காப்புரிமையே அல்ல, பொருளின் தோற்றத்துக்கான வடிவமைப்புப் பதிவு. கண்டுபிடிக்காதவர் கண்டுபிடித்ததாகச் சொல்வதற்கு எந்தச் சான்றிதழும் பூச்சு ஆகாது.

இந்தியக் காப்புரிமை வெளிநாட்டில் செல்லுமா?

செல்லாது. இந்தியாவில் கொடுத்த 12 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனியாகவோ, பன்னாட்டுக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் (பிசிடி) வழியாகவோ விண்ணப்பிக்கலாம். இரண்டாவது வழியில் எந்தெந்த நாடு என்று முடிவெடுக்கப் பெரும்பாலும் 30 மாதம் வரை அவகாசம் கிடைக்கும். 'உலகக் காப்புரிமை' என்று ஒன்று கிடையாது. விற்பதாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க விரும்பினால் முன்னனுமதி வேண்டும், இல்லையேல் இங்கே கொடுத்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமும் போகும், தண்டனையும் உண்டு.

முகவர் கட்டாயமா? பணம் இல்லையே?

கட்டாயம் இல்லை. ஆனால் கோரல்கள் எழுதுவதற்காவது தேர்வெழுதிப் பதிவு பெற்ற முகவரைப் பிடிப்பது நல்லது. மற்றப் படிவங்களை நீங்களே நிரப்பலாம். ஸ்டார்ட்அப்களுக்கு முகவர் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. பின்னர் அது கல்வி நிறுவனங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் உண்டு. முறையான கல்விப் பின்னணி இல்லாத சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு, குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை தேர்ந்தெடுத்துத் தானே விண்ணப்பித்துக் கொடுக்கிறது.

'காப்புரிமை நிலுவையில்' என்று பெட்டியில் அச்சிடலாமா?

விண்ணப்பித்திருந்தால் அச்சிடலாம். வழங்காத காப்புரிமையை வழங்கியதாக அச்சிட்டால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கிடைத்துவிட்டது. இனி யாரும் நகல் எடுக்க மாட்டார்களா?

எடுப்பார்கள். காப்புரிமை என்பது மற்றவரைத் தடுக்கக் கேட்கும் உரிமை. காவல் வேலையை அரசு செய்யாது. நீங்கள்தான் கண்டுபிடித்து, நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட வேண்டும். இதழில் வெளியான நாளிலிருந்து இழப்பீடு கேட்கலாம், ஆனால் காப்புரிமை வழங்கப்பட்ட பிறகே வழக்குத் தொடுக்க முடியும்.

இதனால்தான் சிலரிடம் வேண்டாம் என்று சொல்வேன். இரண்டு பருவத்தில் சந்தை மாறிவிடும் பொருள், விலை நூறு ரூபாய், நகல் எடுப்பவர் நாற்பது சிறு கடைக்காரர்கள் என்றால் யார்மீது வழக்குப் போடுவீர்கள்? தோற்றம்தான் விற்கிறது என்றால் வடிவமைப்புப் பதிவு மலிவு. முதலில் பத்தாண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டு கிடைக்கும். பிரித்துப் பார்த்தாலும் தெரியாத செய்முறை என்றால் இரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். காப்புரிமை கேட்டால் அதை ஊரறிய எழுதிக்கொடுத்தாக வேண்டும். மாறாக, பெரிய நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பம் இல்லாமல் அவர்கள் வாசலில் ஏறாதீர்கள்.

புதுப்பிக்க மறந்துவிட்டேன். போய்விட்டதா?

ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். அதுவும் தாண்டினால், காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்புக்கு விண்ணப்பித்து, வேண்டுமென்றே விடவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நல்லெண்ணத்தோடு உற்பத்தியைத் தொடங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை 27-ஆம் படிவத்தில், கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறதா என்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். புதுப்பிப்புத் தேதியைக் குறிக்கும் நாட்காட்டியிலேயே அதையும் குறித்துவிடுங்கள்.